சாந்தாமணி காற்று ஜன்னல்

சத்தியம்! மலை மேல் நிற்கிற சாமி மேல் சத்தியம், என் இரண்டு கண் மேல் சத்தியம், அதில் ஒன்றில் புரை விழுந்துவிட்டபடியால் மிச்சமிருக்கிற ஒன்றரைக் கண் மேல் சத்தியம், இப்போது நான் சொல்லப்போவதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. முப்பத்தோரு வருஷம் ரேஷன் கடையில் எடை போட்டவன் நான். எடையில் அங்கே இங்கே குறைந்திருக்கலாம், சொல்லில் குறைந்ததில்லை. நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். ஆனால் போனவர்கள் பாதிக் கதையில் திரும்பி வந்து, ‘அப்புறம் என்னாச்சு’ என்று கேட்கக் கூடாது.

எங்கள் லைன் வீடு திருச்செங்கோட்டில், லாரிக்கும் போர்வெல் வண்டிக்கும் பாடி கட்டுகிற பட்டறைகளை ஒட்டி இருக்கிறது. பன்னிரண்டு வீடு, பன்னிரண்டு கதவு, ஜன்னல் ஒன்றுகூடக் கிடையாது. முன்னால் கதவு, பின்னால் பட்டறையின் கருங்கல் சுவர், இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுக்காரன் சுவர், தலைக்கு மேலே சிமெண்ட் அட்டை. சித்திரை மாதத்தில் அரை மணி நேரம் உள்ளே உட்கார்ந்து பார்த்தால் இட்லி எப்படி வேகிறது என்பது இட்லியின் பக்கத்திலிருந்து விளங்கும்.

ஏழாவது வீடு சாந்தாமணியுடையது, எட்டாவது என்னுடையது. அவளுக்குப் பட்டறையில் கூட்டிப் பெருக்குகிற வேலை, பெயிண்ட் அடிக்கிறவர்களுக்குப் பிரஷ் கழுவிக் கொடுக்கிற வேலை. சாயங்காலம் திரும்பும்போது டப்பாவின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிற மிச்சத்தைச் சுரண்டிக்கொண்டு வருவாள். அது ஒரு நாள் பச்சையாக இருக்கும், ஒரு நாள் மஞ்சளாக இருக்கும். கிடைத்த நிறத்தில், கிடைத்த பொருளின் மேல், தோன்றிய படத்தைப் போடுவாள். அரிசி டின்னில் மயில், கதவுக்குப் பின்னால் வெள்ளரிக்கொடி, கேஸ் சிலிண்டரில் அதன் உயரத்துக்கே ஒரு சூரியகாந்தி. அந்தச் சிலிண்டர் காலியாகிப் போய், எந்தெந்த ஊரில் எந்தெந்த அடுப்புக்குப் பக்கத்தில் பூத்துக்கொண்டிருக்கிறதோ, யார் கண்டது? எதற்கு இந்த வேலை என்று கேட்டால், “சும்மாதானுங்க பெரியப்பா, கை கேக்க மாட்டீங்குது” என்பாள். அவ்வளவுதான் அவள் சொன்ன காரணம், அதற்கு மேல் ஒரு காரணம் அவளுக்குத் தேவையாகவும் இருக்கவில்லை.

அவள் புருஷன் நாச்சிமுத்து போர்வெல் வண்டியில் ராடு மாட்டுகிறவன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வண்டியோடு வடக்கே போனான். நான் இந்த லைனுக்குக் குடி வந்தது அதற்கப்புறம்; அவனை நான் நேரில் பார்த்ததில்லை. கடைசியாகப் போனில் பேசியபோது, அங்கே எப்படி இருக்கிறது என்று இவள் கேட்டிருக்கிறாள். “என்னத்தச் சொல்றது? ஒரு மண் ரோடு, ரெண்டு புளியமரம், தூரத்துல ஒரு கரடு. காத்து மட்டும் நல்லா வருது” என்று அவன் சொல்லியிருக்கிறான். அதோடு சரி. வண்டி திரும்பி வந்தது, ஆள் வரவில்லை. டீக்கடையில் இறங்கினவன் மறுபடி ஏறவில்லை என்று கூடப் போனவர்கள் சொன்னார்கள். லைனில் பாதிப் பேர் அவனுக்கு அங்கே வேறொரு குடும்பம் ஆகிவிட்டது என்றும், மீதிப் பேர் அவன் செத்தேவிட்டான் என்றும் முடிவு கட்டினார்கள். இரண்டு கட்சியும் அவளிடம் ஒரே அளவு பிரியமாக இருந்தன.

கத்திரி வெயில் தொடங்கின ஒரு ஞாயிற்றுக்கிழமை, கரண்ட் இல்லாத மத்தியானத்தில், படம் போடாத இடம் என்று அவள் வீட்டில் மிஞ்சியிருந்தது பின்சுவரில் அலமாரிக்கும் காலண்டருக்கும் நடுவே ஒரு முழ அகலம் ஒன்றரை முழ உயரம்தான். கையில் இருந்ததோ பச்சை. அவள் அந்த இடத்தில் ஒரு ஜன்னல் போட்டாள். பச்சைச் சட்டம், திறந்து கிடக்கிற இரண்டு கதவு, அதற்கு வெளியே அவன் சொன்ன மண் ரோடு, இரண்டு புளியமரம், தூரத்தில் சின்னக் குன்றாகக் கரடு. போட்டுவிட்டு, பிரஷைக் கழுவி வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைக்கப் போனவள் நிறுத்தினாள், ஏனென்றால் முகம் ஏற்கெனவே காய்ந்திருந்தது, பக்கத்தில் காலண்டர் ஒவ்வொரு தாளாகத் தன்னைத் தானே புரட்டிக்கொண்டு ஐப்பசிக்குப் போய்க்கொண்டிருந்தது.

முதலில் கண்டுபிடித்தது கோகிலாமணி. முதல் வீட்டுக்காரி, மகளிர் குழுவுக்குத் தலைவி, நல்ல மனசு, அந்த நல்ல மனசை அவளால் ஒரு நிமிஷம் சும்மா வைத்திருக்க முடியாது. உறைமோர் கேட்டு வந்தவள் வாசலிலேயே நின்றாள்.

“எங்கிருந்துடி காத்து வருது?”

“ஜன்னல்ல இருந்துங்க்கா.”

“அட ஆமா. எப்ப வெச்சே? ஓனரைக் கேட்டியா?”

“கேக்கலீங்க்கா. படம்தானே, என்ன சொல்லப்போறாங்கன்னு போட்டுட்டேன்.”

“படமா இருந்தாலும் செவுரு அவருதுல்ல” என்றாள் கோகிலாமணி, உறைமோரை வாங்கிக்கொண்டு, ஜன்னலுக்கு நேரே ஒரு நிமிஷம் நின்று கழுத்து வேர்வையை ஆற்றிக்கொண்டு.

அந்த லைனில் அன்று எல்லாருக்கும் இருந்த கவலை அது ஒன்றுதான். வீட்டு ஓனர் வந்தார். ஜன்னலுக்குள் தலையை விட்டு, பட்டறைச் சுவர் இருக்கவேண்டிய இடத்தில் வெட்டவெளி கிடப்பதை வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார், தலையை வெளியே எடுத்து, “இந்த நெலம் யாரு பேர்ல இருக்குது?” என்று கேட்டார். தெரியாது என்றாள். “நாளைக்கு அந்த நெலத்துக்காரன் வந்து சண்டை கட்டினா நீதான் பதில் சொல்லோணும், என்னைய இழுக்கப்படாது” என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தோடு சாந்தாமணியின் ஜன்னல், தண்ணீர்க் குழாய் மாதிரி, கரண்ட் கம்பம் மாதிரி, லைனில் உள்ள பொருள்களில் ஒன்றாகிவிட்டது.

மூன்றாம் வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சிப் பெண் மத்தியானம் முழுக்க அங்கே வந்து படுத்துக்கொண்டாள். ஐந்தாம் வீட்டுக்காரர் வேட்டியை ஜன்னல் ஓரம் பிடித்தபடி நின்று காயவைத்துக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். நான் என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அங்கேயே பேப்பர் படித்தேன். கையை வெளியே நீட்டினால் வெயில் சுட்டது, மழை பெய்தால் நனைந்தது. ஆள் நுழைய முடியாது, தோளுக்கு மேல் போகாது, ஒரு முழம்தானே. “கதவாப் போட்டிருந்தீன்னா காத்தாட நடந்துட்டு வரலாமில்ல?” என்று கோகிலாமணி கேட்டதற்கு, சாந்தாமணி, “வர்றது யாருன்னு மூஞ்சி தெரியாம கதவு வெக்க முடியுங்களாக்கா?” என்றாள். தனியாக இருக்கிற பொம்பளை, நியாயம்தான் என்று விட்டுவிட்டோம்.

ஆனால் அவள் சொன்னது வேறு. எனக்கே அது பின்னால்தான் தெரியும், இருந்தாலும் உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை விளங்காது. ஜன்னல் போட்ட ஒன்பதாம் நாள், கரட்டுக்குக் கீழே, மண் ரோடு தொடங்குகிற இடத்தில், கடுகு அளவில் ஒரு புள்ளி இருந்ததை அவள் பார்த்தாள். அவள் வைத்த புள்ளி இல்லை அது. மறுநாள் அது ஒரு விரல் கிட்டே இருந்தது, அதற்கு மறுநாள் இன்னொரு விரல். ஒரு வாரத்தில் அது நடந்து வருகிற ஆள் என்று தெரிந்தது. இடது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது, ராடு சுமந்து சுமந்து நாச்சிமுத்துவுக்கு இறங்கியிருந்த மாதிரி. அவள் ஒருவரிடமும் வாயைத் திறக்கவில்லை. ஆசையை வெளியே சொன்னால் கலைந்துவிடும் என்று பயம். முகம் தெரிகிற தூரத்துக்கு வரட்டும், அவன்தான் என்று உறுதியாகட்டும், அன்றைக்கே அந்தச் சுவரில் ஒரு கதவு போடுவது என்று, அதே பச்சையில் ஒரு டப்பாவைக் கட்டிலுக்கு அடியில் மூடி வைத்திருந்தாள். தினமும் வேலை விட்டு வந்து, காபியை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு முன்னால் உட்கார்ந்தால், இருட்டிப் புள்ளி மறைகிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டாள். நாங்கள் அவள் காற்று வாங்குகிறாள் என்று நினைத்தோம்.

அப்புறம்தான் எங்கள் நல்ல மனசு வேலை செய்யத் தொடங்கியது.

“இப்படி ஒரு கையை வெச்சுட்டு அந்தப் பட்டறையில போயி கூட்டிட்டு இருக்கறியே, உனக்கே நல்லா இருக்குதா?” என்றாள் கோகிலாமணி.

“நான் ஆசைக்குப் போட்டதுங்க்கா.”

“ஆசைக்குப் போட்டதே இப்படிக் காத்து வருதுன்னா, தொழிலாப் போட்டா புயலே வருமே!”

முதலில் கோகிலாமணி வீட்டுக்கு ஒன்று, பிரியத்துக்காக. அப்புறம் பிள்ளைத்தாய்ச்சிக்கு ஒன்று, பாவத்துக்காக. அப்புறம் எனக்கு ஒன்று, வயசுக்காக. பன்னிரண்டு வீட்டிலும் ஜன்னல் வந்தது, பன்னிரண்டிலும் அதே ரோடு, அதே புளியமரம், அதே கரடு, ஏனென்றால் அவள் கைக்கு வேறெந்த இடமும் வரவில்லை. மகளிர் குழுக் கூட்டத்தில் அவளை எழுந்து நிற்கச் சொல்லி எல்லாரும் கைதட்டினார்கள். முப்பத்தாறு வயசில் அவளுக்காக யாரும் கைதட்டியதில்லை. கல்யாணத்தில் மேளம்தான் தட்டினார்கள், அதுவும் எங்கோ பார்த்துக்கொண்டு. கைதட்டுகிறவர்களிடம் ‘வேண்டாம்’ என்று எப்படிச் சொல்வது என்பதை அவளுக்கு ஒருவரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. எட்டாம் வகுப்புப் படித்திருந்தால் லோன் கிடைக்கும் என்றார்கள், அவள் எட்டாம் வகுப்புப் படித்திருந்தாள். போனில் ஸ்டேட்டஸ் வைத்தார்கள். பெயர் வைக்கச் சொல்லி என்னிடம் வந்தார்கள். ‘சாந்தாமணி காற்று ஜன்னல்’ என்று நான்தான் வைத்தேன், கீழே ‘கரண்ட் வேண்டாம், காற்று உண்டு’ என்றும் எழுதச் சொன்னேன். போர்டைப் பார்த்துவிட்டு அவள் வெட்கப்பட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தோம், எங்களுக்கெல்லாம் ரொம்பச் சந்தோஷம், இதில் பொய்யில்லை.

ராசிபுரத்திலிருந்து கூப்பிட்டார்கள், சங்ககிரியிலிருந்து கூப்பிட்டார்கள், சேலத்திலிருந்து கார் அனுப்பினார்கள். பட்டறை வேலையை விட்டாள். கூப்பிடுகிறவர்கள் ஆளுக்கொன்று கேட்டார்கள். ஒருத்தர் ஊட்டி தெரிய வேண்டும் என்றார், கிடைக்காது என்றதும் சரி இருக்கிறதைப் போடு என்றார். ஒருத்தர் வாஸ்து பார்த்து, குபேர மூலையில் தலையணை உயரத்தில் போடச் சொன்னார், அவருக்குப் புளியமரத்தின் வேர்தான் தெரிந்தது. பச்சை தவிர வேறு நிறம் ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை, “ஸ்டேட்டஸ்ல பச்சைதானே இருந்துச்சு, இது டூப்ளிகேட்டா?” என்றார்கள். எல்லாரும் தவறாமல் கேட்டது ஒன்று: கம்பி. கம்பி இல்லாத ஜன்னலை நம் ஊரில் எவன் வீட்டில் வைப்பான், திருடன் வரமாட்டானா? அதனால் சட்டத்தை முடித்தவுடன் அதன் மேல் நெட்டுக்கு ஆறு கம்பி வரைந்துகொடுத்தாள். வரைந்த கம்பி இரும்பாக நின்றது. கம்பியில்லாத ஜன்னல் உலகத்திலேயே ஒன்றுதான், அது அவள் வீட்டில்.

எங்கள் ஜன்னல்களுக்கும் பிற்பாடு கம்பி போட்டுத் தந்தாள், ஆனால் அதற்கு முன்பே நாங்கள் தலையை வெளியே நீட்டிப் பார்த்திருந்தோம். அந்தப் பக்கம், ரோட்டைப் பார்த்தபடி, பச்சை ஜன்னல்கள் புறாக்கூண்டு மாதிரி வெட்டவெளியில் வரிசையாக நின்றன. எங்கள் பன்னிரண்டு, அதை அடுத்துச் சங்ககிரி, அதை அடுத்து ராசிபுரம், அப்புறம் சேலம். சேலத்துக்காரியும் கோகிலாமணியும் ஜன்னல் வழியாகக் கத்திப் பேசிக் குழம்புப் பக்குவம் மாற்றிக்கொண்டார்கள். ராசிபுரத்து மாப்பிள்ளைக்கும் ஐந்தாம் வீட்டுப் பெண்ணுக்கும் அந்த வழியில் ஜாதகம் போய் வந்து, பொருத்தமில்லை என்று முடிந்தது. பணம் வந்தது, அதை நான் எண்ணப்போகவில்லை. சாந்தாமணி வீட்டுக்குள் பெயிண்ட் டப்பா கூரை வரை ஏறியது, கட்டிலை வெளியே போட்டார்கள், சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மாடல் ஜன்னல்களின் படத்தை ஒட்டினார்கள். எல்லாம் கோகிலாமணி யோசனை. “வர்றவங்க பாத்தா ஒரு கம்பெனி மாதிரி இருக்கோணுமில்ல?” என்றாள்.

முன்பெல்லாம் இருட்டுகிற வரைக்கும் ஜன்னல் முன்னால் உட்கார்ந்திருந்தவள், அப்புறம் சாப்பிடுகிற நேரத்தில் மட்டும் பார்த்தாள், அப்புறம் பிரஷை வாயில் கவ்விக்கொண்டு செருப்பு மாட்டுகிற நேரத்தில் மட்டும் பார்த்தாள். புள்ளி ஆளாகி, ஆள் முதல் புளியமரத்தைத் தாண்டியிருந்தான்.

இனி நம் சனங்களைப் பற்றி. ஜன்னலுக்கு வெளியே யாருடையதென்று தெரியாத இடம் கிடந்தால் நாம் என்ன செய்வோம்? முதலில் ஒரு கறிவேப்பிலைக் காம்பு. காற்றுக்குப் பறந்த மாதிரி, தெரியாமல். அப்புறம் வாய் கொப்பளித்த தண்ணீர், அரிசி கழுவிய தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர், குழந்தையின் டயபர். சேலத்துக்காரர்கள் ஜன்னலில் புகைபோக்கி ஃபேன் வைத்தார்கள். சங்ககிரியில் ஒருவர் ஏ.சி. வாங்கி, அதன் வெப்பக் காற்று தள்ளுகிற பெட்டியை அந்தப் பக்கம் தொங்கவிட்டார். ஊரெல்லாம் அதைப் பார்த்துச் செய்தது. கரட்டிலிருந்து வந்த காற்று இப்போது எங்களுக்கு முன்னால் சேலத்து மீன் வறுவலைத் தொட்டுவிட்டு வந்தது. “காத்து முன்ன மாதிரி இல்லையே அம்மிணி, பெயிண்ட் மாத்திட்டியா?” என்று கேட்டார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைச் சாத்தினார்கள். ஆர்டர் மட்டும் குறையவில்லை. எல்லாருக்கும் வெளியே தள்ள ஏதாவது இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ரோட்டில் ஒருத்தன் நடந்து வருவதை நாங்களும் பார்த்தோம்.

பார்த்த மாத்திரத்தில், அவள் வீடு போகப் பதினோரு வீட்டுக்கும் தெரிந்துவிட்டது, நிலத்துக்காரன் வருகிறான். வேறு யார் வருவார்கள்? குப்பையைப் பார்த்துவிட்டான், பஞ்சாயத்துக்கு வருகிறான். குழாயடியில் கூடினோம். சாந்தாமணி அன்று ஈரோட்டில் வேலையில் இருந்தாள். அவளைக் காப்பாற்றத்தானே பேசுகிறோம், அவளிடம் சொல்லி எதற்குப் பயமுறுத்த வேண்டும் என்று விட்டுவிட்டோம்.

“ஜன்னலு போட்டது யாருன்னு கேப்பான்” என்றாள் கோகிலாமணி. “பேரைச் சொன்னா அவ மேலதான் கேஸு. பொழைக்கத் தொடங்கின புள்ள.”

“பேரைச் சொன்னாத்தானே?” என்றேன் நான். “எவன் வந்து கேட்டாலும், அப்படி ஒரு ஆளே இங்கே இல்லைன்னு பதினோரு வீடும் ஒரே மாதிரி சொல்லுவோம். சங்ககிரிக்கும் சேலத்துக்கும் ஜன்னல் வழியாச் சொல்லிவிட்டுடுங்க.”

எல்லாரும் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். எடைக்காரர் எடைக்காரர்தான் என்றார்கள். நானும் வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டேன்.

சாந்தாமணியின் கணக்கு வேறாக இருந்தது. நாளுக்கு ஒரு விரல், முகம் தெரிய இன்னும் நான்கு விரல், அப்படியானால் திங்கட்கிழமை. வியாழக்கிழமை ராத்திரியே அவள் கோகிலாமணியிடம், “அக்கா, இனி ஒரு வாரம் நான் எங்கயும் வரமாட்டேன்” என்று சொல்லியிருக்கிறாள். “நாளைக்கு ஒரு நாள் மட்டும் கண்ணு, மில்காரம்மா கிரகப்பிரவேசம், வாக்குக் குடுத்துட்டேன், எம்மூஞ்சிக்காக” என்று கோகிலாமணி கெஞ்சியிருக்கிறாள். ஒரு நாள்தானே, ஒரு விரல்தானே என்று சாந்தாமணி கிளம்பினாள். வழியிலே தெரிகிற பச்சை ஜன்னல் தன் வீட்டுடையது என்று பட்டுவிட்ட ஒருவன், அதுவரைக்கும் நடந்த நடையிலேயே நடப்பானா என்பதை அவள் யோசிக்கவில்லை. அவன் வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து ஓடி வந்தான்.

நான் மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்திருந்தேன். ஜன்னலில் நிழல் விழுந்தது. தலையிலிருந்து கால் வரைக்கும் சாம்பல் பூத்த மாதிரி தூசி, பாறை துளைக்கிறபோது பறக்குமே அந்த வெள்ளைத் தூசி; அதற்குள் இரண்டு கண். கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

“ஐயா, இங்க சாந்தாமணின்னு ஒரு புள்ள...”

“அப்படி யாரும் இல்லை” என்றேன், வாயில் சோற்றோடு.

“பக்கத்துல பார்த்தனுங்க. கடையாட்டம் டப்பா டப்பாவா அடுக்கியிருக்குது. முன்ன அங்க குடித்தனம் இருந்தவங்க...”

“அங்கே குடித்தனமே கிடையாதே. அது குடோன்.”

“ஒரே ஒரு பச்சை ஜன்னலு தெரிஞ்சுதுங்க. அதைப் பாத்துட்டேதான் வந்தேன். இப்ப பாத்தா எல்லாமே பச்சையா இருக்குது. அந்தக் கடைசியில இருந்து ஒவ்வொண்ணாக் கேட்டுட்டு வர்றேன், சாத்தின ஜன்னலைத் திறக்காமயே தெரியாதுன்னு சொல்றாங்க.”

“தெரிஞ்சாத்தானே சொல்லுவாங்க?”

அவன் கம்பியிலிருந்து கையை எடுத்தான். அப்புறம் தண்ணீர் கேட்டான். சொம்பைக் கம்பிக்கு நடுவே நீட்டினேன், குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். “ஒம்போது வருஷம் ஆச்சுதுங்களே. போயிருப்பா. யாரு காத்துட்டு உக்காந்திருப்பா?” என்றான், என்னிடம் இல்லை, சொம்பிடம். அப்படியே திரும்பிக் கரட்டைப் பார்த்து நடந்தான்.

அந்த நேரத்தில் என் நெஞ்சில் ஏதோ ஒன்று இடறியது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஒன்பது என்ற எண் இடறியது, இறங்கியிருந்த இடது தோள் இடறியது. ஆனால் கூப்பிட்டால் என்ன சொல்லிக் கூப்பிடுவது? ‘தம்பி, நான் சொன்னது பொய், திரும்பி வா’ என்றா? எழுபத்திரண்டு வயசில், ஒரு பொய்யைச் சொன்ன வாயாலேயே திரும்ப வாங்க எனக்குப் பழக்கமில்லை. சோறு ஆறுகிறது என்று உட்கார்ந்துவிட்டேன்.

அதே வேளையில் நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால், மில்காரம்மாவின் புது வீட்டு மாடியில், சாந்தாமணி ஆறாவது கம்பியை இழுத்து முடித்தாள். முடித்தவுடன் ஜன்னல் திறந்துகொண்டது, குப்பை நாற்றம் அடித்தது, தூரத்தில், ரோட்டில், முதுகைக் காட்டியபடி ஒருத்தன் கரட்டைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தான். அவள் கூப்பிட்டாள். பெயர் சொல்லியே கூப்பிட்டாள், அதுவரைக்கும் ஒரு நாளும் சொல்லாத பெயரை, “நாச்சிமுத்து, நாச்சிமுத்து” என்று. இருநூறு வீட்டுப் புகைபோக்கி ஃபேனும் நூறு ஏ.சி. பெட்டியும் ஒரே மூச்சில் இரைந்துகொண்டிருந்தன. கம்பிக்கு நடுவே கையை விட்டு ஆட்டினாள், கன்னத்தைக் கம்பியில் வைத்து அழுத்தினாள்.

“அம்மிணி, பெயிண்ட் காயலை, கம்பியில சாயாதே!” என்றாள் மில்காரம்மா. “அப்புறம் திட்டுத் திட்டாத் தெரியும்.”

அவள் வீடு வந்து சேர்ந்தபோது கம்பியில்லாத அவள் ஜன்னலின் அடிச்சட்டத்தில், வெள்ளைத் தூசியில், ஐந்து விரலும் பதிந்திருந்தது. எட்டிப் பார்த்திருக்கிறான். டப்பாக்களையும் மாடல் படங்களையும் பார்த்துவிட்டு, இது நம் வீடில்லை என்று அடுத்த ஜன்னலுக்கு நகர்ந்திருக்கிறான்.

மூடி வைத்திருந்த பச்சை டப்பாவை எடுத்தாள். டப்பாக்களைக் காலால் தள்ளிவிட்டு அந்தச் சுவரில் ஆளுயரத்துக்குக் கதவு போடத் தொடங்கினாள். சட்டம், நிலை, கீல், நாதாங்கி, எல்லாவற்றையும் போட்டாள். பெயிண்ட் வழிந்தது, அதன் மேலேயே போட்டாள். முடித்துவிட்டுத் தள்ளினாள். அது சுவராக இருந்தது. உள்ளங்கை பச்சையானதுதான் மிச்சம். தோளால் இடித்தாள், அந்தப் பக்கம் பட்டறையில் யாரோ, “எவன்டா அது செவுத்த இடிக்கிறவன்?” என்று கத்தினான். ஜன்னல்கள் எல்லாம் காற்றைத் தந்தன, அந்தக் கதவு மட்டும் பெயிண்டாகவே நின்றது, ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

சத்தம் கேட்டுக் கோகிலாமணி வந்தாள், பின்னாலேயே லைன் முழுக்க வந்தது. கதவைப் பார்த்தார்கள். கன்னத்தில் கம்பியின் பச்சைக் கோடும் அதன் மேல் கண்ணீருமாக அவள் கீழே உட்கார்ந்திருந்தாள். வேலைக் களைப்பு என்று நினைத்தார்கள்.

“அடி ஆத்தா! கதவும் போட ஆரம்பிச்சுட்டியா?” என்று கோகிலாமணி கையைத் தட்டினாள். “இது ஜன்னலை விட நல்லாப் போகுமே!”

எல்லாரும் தட்டினார்கள். நானும் தட்டினேன்.

இப்போது அவளிடம் ஆறு பேர் வேலை செய்கிறார்கள். ஏ.சி. பெட்டி தொங்கவிடுவதற்கென்றே தனி அளவில் போடுகிறார்கள், அதில் ரோடு, மரம் எதுவும் கிடையாது. அந்தப் பக்கம் புகைதான், புகைக்குள் கரடு இருக்கிறதா என்றும் தெரியவில்லை. காற்று வருகிறதா என்று ஒருவரும் கேட்பதில்லை. அரிசி டின் மேல் மயில் போடுவதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள். புது சிலிண்டர் வந்தால் வந்த நிறத்திலேயே இருக்கிறது. சாயங்காலம் தன் ஜன்னலைச் சாத்திக்கொண்டு போர்டுக்குக் கீழே உட்கார்ந்து போனில் ஆர்டர் எடுக்கிறாள். குரலில் மரியாதை இருக்கிறது, வேறொன்றும் இல்லை.

ஒன்று மட்டும் விடவில்லை. வீடு வீடாக, சேலம் வரைக்கும் போன் போட்டுக் கேட்டுவிட்டாள்: அந்த வெள்ளிக்கிழமை யாராவது வந்து என்னைக் கேட்டார்களா, நீங்கள் என்ன சொன்னீர்கள்? எல்லாரும் அன்றைக்கு எங்கள் ஜன்னல் சாத்தியிருந்தது என்றார்கள். என்னிடமும் வந்தாள். “நான் தூங்கிட்டு இருந்தேன் அம்மிணி” என்றேன். “சரிங்க பெரியப்பா” என்று சொல்லிவிட்டு, எனக்குக் கண் சரியில்லை என்று ஜன்னல் ஓரத்தில் கிடந்த சொம்பை எடுத்து என் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

அதனால், நீங்கள் கேட்டதைக் கேட்டதோடு வைத்துக்கொள்ளுங்கள். யாரிடமாவது சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், டவுன் பஸ்ஸில் பின் சீட்டில் யாரோ பேசிக்கொண்டு வந்தது என்று சொல்லுங்கள். ஆள் எப்படி இருந்தான், கிழவனா, கண்ணில் புரை இருந்ததா என்று அவளே வந்து கேட்டாலும், தெரியாது என்று சொல்லிவிடுங்கள். ஒன்றும் கஷ்டமில்லை, வாயில் சோறு இருக்கும்போதுகூடச் சொல்ல வருகிற சொல்தான் அது.